முதலில் பிரேக், கடைசியில் பூஸ்ட்

ஹூண்டாயின் ஐ20 என் லைன் சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் தயாராகிறது. 998 சிசி, மூன்று சிலிண்டர், டர்போ பெட்ரோல் என்ஜின். திறன் 120 பிஎஸ், டார்க் 172 நியூட்டன் மீட்டர். இதே நிறுவனம் ஐரோப்பியச் சந்தைக்காகத் துருக்கியின் இஸ்மித் ஆலையில் ‘ஐ20 என்’ என்று இன்னொரு காரைச் செய்தது. பெயரில் ஒரு சொல் மட்டுமே குறைவு. ஆனால் திறன் 204 பிஎஸ், டார்க் 275 நியூட்டன் மீட்டர்.

இடையில் உள்ள அந்த 84 பிஎஸ்ஸுக்காக ஹூண்டாய் என்னென்ன செய்தது என்று பாருங்கள். மூன்று சிலிண்டர் என்ஜினை வைத்துக்கொண்டு பூஸ்ட்டை மட்டும் ஏற்றவில்லை. அதை எடுத்துவிட்டு நான்கு சிலிண்டர், 1.6 லிட்டர் என்ஜினை வைத்தது. கியர்பாக்ஸ் மாறியது. முன் சக்கரங்களுக்கு நடுவே மெக்கானிக்கல் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் வந்தது. உடற்கூடு 12 இடங்களில் பலப்படுத்தப்பட்டது. முன் பிரேக் டிஸ்க்குகள் சாதாரண ஐ20இல் உள்ளவற்றைவிட 40 மில்லிமீட்டர் பெரிதாயின. சோதனைக்கூடமும் பொறியாளர் படையும் கையில் உள்ள நிறுவனமே, திறனைக் கூட்டுவதென்றால் இத்தனையும் சேர்ந்தே வர வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறது.

நம் ஊரில் இந்த வேலைக்கு ஒரு லேப்டாப்பும் ஒரு கேபிளும் போதும் என்கிறார்கள். ரீமேப், அதாவது என்ஜின் கணினியின் மென்பொருளை மாற்றி எழுதுவது; அதன் முதல் படி ஸ்டேஜ் 1. அரை நாளில் முடிந்துவிடும், முப்பதாயிரம் ரூபாய் சொச்சம். ஃபோக்ஸ்வேகன் போலோவின் 1.0 டிஎஸ்ஐ என்ஜின் ஆலையிலிருந்து வரும்போது 110 பிஎஸ், 175 நியூட்டன் மீட்டர். ஸ்டேஜ் 1 விளம்பரங்களில் இது 135 முதல் 145 பிஎஸ், 220 முதல் 240 நியூட்டன் மீட்டர் என்று ஆகிறது. இந்த எண்களில் பெரும்பாலும் பொய் இல்லை. டர்போ என்ஜினில் பூஸ்ட்டையும் எரிபொருளையும் இக்னிஷன் நேரத்தையும் மென்பொருள் ஆள்கிறது. மென்பொருளை மாற்றினால் திறன் கூடத்தான் செய்யும். டர்போ இல்லாத என்ஜினில் கேம்ஷாஃப்ட், ஹெட் என்று கழற்றி வேலை பார்த்து 10 சதவீதம் கூட்டுவதே பாடு. இங்கே 30 சதவீதம் ஒரு ஃபைலில் வந்துவிடுகிறது.

ஆபத்தும் இந்தச் சுலபத்தில்தான் இருக்கிறது. திறன் மலிவாகக் கிடைப்பதால் அதையே முதலில் வாங்குகிறோம். அந்தத் திறனைத் தாங்க வேண்டிய கிளட்ச், கியர்பாக்ஸ், ஆயில், கூலிங், டயர், பிரேக் எல்லாம் ‘அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்’ பட்டியலில் சேர்கின்றன. இந்த வரிசை தலைகீழானது.

எண்ணைக் கொஞ்சம் அவிழ்த்துப் பார்ப்போம். டார்க்கையும் என்ஜின் கொள்ளளவையும் வைத்துக் கணக்குப் போட்டால், பிஸ்டன்மேல் விழும் சராசரிப் பயனுறு அழுத்தம் கிடைக்கும். டர்போ இல்லாத ஒரு 1.2 லிட்டர் பெட்ரோல் என்ஜினில் இது 12 பார் அளவில் இருக்கும். ஒரு லிட்டரில் 175 நியூட்டன் மீட்டர் தரும் போலோ என்ஜினில், அதாவது எந்த மாற்றமும் செய்யாத நிலையிலேயே, 22 பார். அதை 230 நியூட்டன் மீட்டராக்கினால் 29 பார். இது சராசரி. எரியும் கணத்தில் ஏறும் உச்ச அழுத்தம் இதைவிடப் பல மடங்கு. அதே பிஸ்டன், அதே கனெக்டிங் ராட், அதே பேரிங், அதே ஹெட் கேஸ்கட் இதையெல்லாம் தாங்கியாக வேண்டும்.

டியூன் செய்யப் போகிறவர்கள் எத்தனை பிஎச்பி வரும் என்று கேட்கிறார்கள். கேட்க வேண்டியது உச்ச டார்க் எந்த ஆர்பிஎம்மில் வருகிறது என்பதை. திறன் என்பது டார்க்கையும் சுழற்சி வேகத்தையும் பெருக்கி வருவது. 5,500 ஆர்பிஎம்மில் கூடுதல் திறன் தரும் மேப், என்ஜினை அவ்வளவாக வதைப்பதில்லை. 1,800 ஆர்பிஎம்மிலேயே முழு பூஸ்ட்டைக் கொண்டுவந்து முதுகை சீட்டோடு அழுத்தும் மேப்தான் ராடையும் கிளட்சையும் சோதிக்கிறது. குறைந்த சுழற்சியில் பிஸ்டன் மெதுவாக நகர்கிறது. அழுத்தம் நீண்ட நேரம் அதன்மேல் நிற்கிறது. பேரிங்கில் ஆயில் படலமும் அப்போது மெலிந்திருக்கும். ஆனால் டெஸ்ட் டிரைவில் வாடிக்கையாளரின் முகம் மலர்வது அந்த முதல் உதையில்தான். அதனால் அந்த உதையையே விற்கிறார்கள்.

நேரடி எரிபொருள் பீய்ச்சல் உள்ள சின்ன டர்போ என்ஜின்களுக்கென்றே ஒரு நோய் உண்டு. லோ ஸ்பீட் ப்ரீ இக்னிஷன் என்று பெயர், சுருக்கமாக எல்எஸ்பிஐ. சிலிண்டர் சுவரில் படும் பெட்ரோல் அங்குள்ள ஆயிலோடு கலந்து பிஸ்டன் ரிங் இடுக்கில் தேங்குகிறது. அதிக அழுத்தத்தில் அந்தத் துளி எரியறைக்குள் தெறித்து, பிளக் பொறி விடுவதற்கு முன்பே பற்றிக்கொள்கிறது. பிஸ்டன் இன்னும் மேலேறிக்கொண்டிருக்கும்போதே மேலிருந்து வெடிப்பு அதை அடிக்கிறது. சாதாரண நாக்கிங் படிப்படியாகச் சேதம் செய்யும். இதில் ஒரே நிகழ்வில் பிஸ்டனின் ரிங் பகுதி உடைந்து போகலாம். நாக் சென்சார் காது கொடுத்துக் கேட்டுத் திருத்துவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

இது சும்மா சொல்லும் பயம் இல்லை. இந்த நோயை மனத்தில் வைத்தே அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம் (ஏபிஐ) 2018இல் ‘எஸ்என் பிளஸ்’ என்ற ஆயில் தரத்தையும், 2020இல் ‘எஸ்பி’ தரத்தையும் கொண்டுவந்தது. ஆயிலில் உள்ள கால்சியம் டிடர்ஜென்ட் இதைத் தூண்டுகிறது என்று தெரியவந்ததால், கலவையில் கால்சியத்தைக் குறைத்து மக்னீசியத்தைச் சேர்த்தார்கள். உங்கள் டர்போ காருக்கு ஊற்றும் ஆயில் டப்பாவின் பின்புறத்தில் ஏபிஐ எஸ்பி என்று இருக்கிறதா, கார் நிறுவனம் கேட்கும் தர எண் இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். 5டபிள்யூ-30 என்று மட்டும் பார்த்து வாங்குவது பாதிக் கிணறு தாண்டுவது.

நம் ஓட்டும் பழக்கமும் இந்த நோய்க்குத் துணைபோகிறது. மைலேஜுக்காக 45 கிலோமீட்டர் வேகத்திலேயே ஐந்தாவது கியரைப் போட்டுவிடுவோம். முன்னால் பஸ் விலகியதும் கியரைக் குறைக்காமல் ஆக்ஸிலரேட்டரை அடியோடு மிதிப்போம். குறைந்த ஆர்பிஎம், முழு பூஸ்ட்: எல்எஸ்பிஐ நேர்வதற்கு ஏற்ற நிலை அதுவே. ஆலை மேப்பில் இந்த இடத்தில் டார்க்கை அடக்கி வைத்திருப்பார்கள். ரீமேப் முதலில் அவிழ்ப்பது அந்தக் கட்டைத்தான்.

கியர்பாக்ஸுக்கு வருவோம். போலோ ஜிடி டிஎஸ்ஐ 2013இல் இந்தியாவுக்கு வந்தது. 1.2 லிட்டர், 105 பிஎஸ், 175 நியூட்டன் மீட்டர், ஏழு கியர் டிஎஸ்ஜி எனும் இரட்டைக் கிளட்ச் தானியங்கிப் பெட்டி. போலோ விற்பனை 2022இல் இங்கே நின்றுவிட்டாலும் பழைய கார் சந்தையில் இந்த மாடலுக்கு இன்றும் மவுசு. வாங்கும் இளைஞர்களில் பலர் அடுத்த மாதமே ரீமேப்புக்குப் போகிறார்கள். இதில் உள்ள டிஎஸ்ஜி பெட்டியின் உள்பெயர் டிக்யூ200. இரண்டு கிளட்சுகளும் உலர்ந்தவை, ஆயிலில் நனையாதவை. இந்தப் பெட்டிக்கு ஃபோக்ஸ்வேகன் வைத்த டார்க் எல்லை 250 நியூட்டன் மீட்டர். 175க்கும் 250க்கும் இடையே ஆலை விட்டுவைத்த 75 நியூட்டன் மீட்டர் இடைவெளி சும்மா கிடக்கும் இடம் அல்ல. கிளட்ச் தேயும்போதும், சூடேறும்போதும், ஏற்றத்தில் நின்று கிளம்பும்போதும் தேவைப்படும் சேமிப்பு அது. 235க்கு மேப் போட்டால் மிச்சம் 15. போதாததற்கு, கியர்பாக்ஸ் கணினியில் உள்ள டார்க் வரம்பையும் உயர்த்தித் தருகிறேன் என்று ‘டிஎஸ்ஜி மேப்’ விற்கிறார்கள். வரம்பு மென்பொருளில் உயரும். உலோகத்தில் உயராது.

டிக்யூ200இன் வரலாற்றையும் சொல்லியாக வேண்டும். 2013 மார்ச்சில் சீனாவில் டிஎஸ்ஜி கோளாறுக்காக 3,84,181 கார்களை ஃபோக்ஸ்வேகன் திரும்ப அழைத்தது. அதே ஆண்டு நவம்பரில், உலக அளவில் ஏறத்தாழ 16 லட்சம் கார்களில் இந்தப் பெட்டியின் சிந்தெடிக் ஆயிலை எடுத்துவிட்டு மினரல் ஆயில் ஊற்றும் அழைப்பு வந்தது. வெப்பமும் ஈரமும் கூடிய வானிலையில், நின்று நின்று நகரும் போக்குவரத்தில், பெட்டியின் மின்சார அமைப்பில் கோளாறு வரலாம் என்பது காரணம். மே மாதத்து ஓஎம்ஆர் சாலை மாலை நெரிசலுக்கு இதைவிடப் பொருத்தமான வர்ணனை கிடையாது. ஆலை டார்க்கிலேயே தடுமாறிய பெட்டி இது. மெக்கட்ரானிக் யூனிட்டும் இரட்டைக் கிளட்சும் மாற்ற நேர்ந்தால் பில், ரீமேப் செலவைப் போலப் பல மடங்கு வரும். மேனுவல் கியர் வைத்திருப்பவர்களுக்கு இவ்வளவு பயம் இல்லை. கிளட்ச் வழுக்கத் தொடங்கினால் நான்காவது, ஐந்தாவது கியரில் ஆர்பிஎம் ஏறியும் வேகம் ஏறாமல் இருப்பதிலேயே தெரிந்துவிடும்.

இனி வெயில். ரீமேப் ஃபைல்களில் பலவற்றின் மூலம் ஐரோப்பா. அங்கே பங்கில் கிடைக்கும் சாதாரண பெட்ரோலே 95 ஆக்டேன், உயர்ரகம் 98. வெளிக்காற்று 15 டிகிரி, 20 டிகிரி. இங்கே பிஎஸ்6 சாதாரண பெட்ரோலின் ஆக்டேன் 91 ஆக இருந்தது. 20 சதவீதம் எத்தனால் கலந்த ஈ20 வந்தபின் அது 95 என்று அரசு சொல்கிறது. 40 டிகிரி வெயிலில் வெளிக்காற்றை டர்போ 1 பார் கூடுதல் அழுத்தத்துக்கு அமுக்கினால் என்ன ஆகும் என்று இயற்பியல் கணக்குப் போடலாம். கம்ப்ரஸர் 70 சதவீதத் திறனோடு வேலை செய்தால், வெளிவரும் காற்றின் வெப்பம் 135 டிகிரி செல்சியஸைத் தாண்டும். சின்ன டர்போவை அதன் வசதியான எல்லைக்கு மேல் விரட்டி, கம்ப்ரஸர் திறன் 60 சதவீதத்துக்கு இறங்கினால் 150ஐத் தாண்டும். அப்போது டர்போ அனுப்புவதில் காற்றைவிடச் சூடே அதிகம். இன்டர்கூலர் அதைக் குளிரவைக்க வேண்டும். டிராஃபிக்கில் பத்து நிமிடம் நின்ற காரில் இன்டர்கூலரே சூடாகிக் கிடக்கும்.

உள்ளே போகும் காற்று சூடானால் நாக்கிங் தொடங்கும். நாக் சென்சார் சொல்ல, கணினி இக்னிஷன் நேரத்தைப் பின்னுக்கு இழுக்கும். திறன் குறையும், எக்ஸாஸ்ட் வெப்பம் ஏறும். காலை ஆறு மணிக்கு, திறன் அளக்கும் ஏசி அறை டைனோவில் வாங்கிய 140 பிஎஸ் தாள் சட்டம் போட்டு மாட்ட உதவும். பகல் இரண்டு மணிக்கு உளுந்தூர்பேட்டை டோல்கேட் தாண்டும்போது அந்தக் காரில் 140 இல்லை. திறனும் இல்லாமல் கூடுதல் சூடும் சேர்ந்த என்ஜினையே அந்த நேரத்தில் நீங்கள் ஓட்டுகிறீர்கள்.

ஈ20 விஷயத்தில் இரண்டு பக்கமும் உண்டு. எத்தனால் ஆக்டேனை உயர்த்துகிறது, எரியறையைச் சற்றுக் குளிர்விக்கிறது. டர்போவுக்கு இவை நல்லவை. ஆனால் ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும், ஒரு கிலோ எத்தனாலுக்கு 9 கிலோ போதும். ஈ20 கலவைக்கு இது 13.5 அளவில் வரும். அதே காற்றுக்கு ஏறத்தாழ 9 சதவீதம் அதிக எரிபொருளைப் பம்ப் அனுப்பியாக வேண்டும். ஆலை மேப்பில் பம்புக்கும் இன்ஜெக்டருக்கும் அந்த இடைவெளி இருக்கும். ரீமேப் முதலில் ஒரு முப்பது சதவீதத்தைக் கேட்கிறது, அதற்கு மேல் ஈ20 தன் பங்கைக் கேட்கிறது. உயர் அழுத்த பம்ப் எட்டாத இடத்தில் கலவை மெலியும். முழு பூஸ்ட்டில் மெலிந்த கலவை பிஸ்டனை உருக்கும். இந்தியன் ஆயில் 2020 டிசம்பரில் எக்ஸ்பி100 என்ற 100 ஆக்டேன் பெட்ரோலைக் கொண்டுவந்தது. குறிப்பிட்ட நகரங்களின் சில பங்குகளில் மட்டும் கிடைக்கும். அதை நம்பிப் போட்ட மேப்போடு தேனிக்கும் கம்பத்துக்கும் போகிறவர், நடுவழியில் எதை ஊற்றுவார் என்று மேப் போடும் முன்பே யோசித்துக்கொள்ள வேண்டும்.

ஆலைக்குத் தெரியாததைப் பக்கத்து ஷெட் கண்டுபிடித்துவிட்டது என்று நினைப்பவர்களுக்கு மாருதி பலேனோ ஆர்எஸ் நல்ல உதாரணம். ஐரோப்பாவில் இதே 1.0 பூஸ்டர்ஜெட் என்ஜின் 111 பிஎஸ், 170 நியூட்டன் மீட்டர். 2017இல் இந்தியாவுக்கு வந்தபோது 102 பிஎஸ், 150 நியூட்டன் மீட்டராகக் குறைத்து வைத்தார்கள். கூடுதல் திறன் தரும் ஃபைல் அவர்கள் கையிலேயே இருந்தது. இருந்தும் குறைத்தார்கள்.

மலிவான பொருள்களைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. ஓபிடி துளையில் செருகினால் மைலேஜும் பிக்கப்பும் கூடும் என்று ஆயிரம் ரூபாய்க்குக் குறைவாக விற்கும் பிளக்குகள் பலவற்றைப் பிரித்துப் பார்த்தவர்கள், உள்ளே சில எல்இடி விளக்கும் அவற்றை மினுக்கும் சிப்பும் மட்டுமே கண்டார்கள். பானட்டுக்குள் திறந்து கிடக்கும் கோன் ஏர் ஃபில்டர் சத்தத்தைக் கூட்டும். ரேடியேட்டருக்குப் பின்னாலுள்ள சூடான காற்றை அது உறிஞ்சினால் திறன் குறையும்.

ஆனால் டியூனிங் பாக்ஸ் பற்றி எச்சரித்தே ஆக வேண்டும். என்ஜினுக்கும் கணினிக்கும் நடுவே செருகும் இந்தப் பெட்டி, பூஸ்ட் சென்சார் சொல்லும் எண்ணைக் குறைத்துக் கணினிக்குக் காட்டுகிறது. பூஸ்ட் போதவில்லை என்று நம்பிக் கணினி இன்னும் ஏற்றுகிறது. கழற்றினால் தடயம் இருக்காது என்பது விற்பவரின் வாதம். ஒழுங்காக எழுதிய ரீமேப்பில் கணினிக்கு உண்மையாவது தெரியும். இங்கே என்ஜினைக் காக்கும் ஒரே மூளைக்கு வேண்டுமென்றே பொய் சொல்கிறோம். கார் நிறுவனம் எழுதிய பாதுகாப்பு வரிகள் அந்தப் பொய்யை வைத்துக்கொண்டு கணக்குப் போடுகின்றன. எந்தக் காரிலும் இதைப் போடாதீர்கள்.

ஆக்ஸிலரேட்டரை விட்டதும் படபடவென்று வெடிக்கும் ‘பாப்ஸ் அண்ட் பேங்ஸ்’ மேப் இப்போது கல்லூரி வாசல் மோகம். இக்னிஷனைத் தாமதப்படுத்தி, எரிபொருளை எக்ஸாஸ்ட்டில் போய் எரியவிடுவது அதன் சூட்சுமம். அந்த எரிப்பு நடப்பது டர்பைன் சக்கரத்துக்குப் பக்கத்திலும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குள்ளும். டர்பைன் நிமிடத்துக்கு இரண்டு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலக்கூடியது, கன்வர்ட்டரின் உட்புறம் செராமிக் தேன்கூடு. அது உருகி அடைத்தால் என்ஜின் மூச்சுத் திணறும். கன்வர்ட்டரையே எடுத்துவிட்டு டவுன்பைப் போட்டால் வெளிவரும் நச்சுப்புகை, காரின் பின்னால் இருசக்கர வண்டியில் குழந்தையோடு வருபவரின் மூக்கில் ஏறும். இதை ஒரு விளையாட்டு என்று என்னால் ஏற்க முடியவில்லை.

பிரேக்கைப் பற்றி யாரும் படம் எடுத்துப் போடுவதில்லை. 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் காரை நிறுத்த பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றலைப் போல, 110இல் ஏறத்தாழ இரண்டு மடங்கு விழுங்க வேண்டும். வேகத்தின் வர்க்கத்தோடு அது ஏறுகிறது. போலோ ஜிடி டிஎஸ்ஐக்குப் பின்னால் டிரம் பிரேக்தான். பலேனோ ஆர்எஸ்ஸில் நான்கு சக்கரமும் டிஸ்க். ஆனால் அதன் பிரேக்குக்குத் துணை செய்யும் வேக்குவம் பம்பில் கோளாறு இருக்கலாம் என்று 2023 ஏப்ரலில் 7,213 கார்களை மாருதி திரும்ப அழைத்தது. 2016 அக்டோபர் முதல் 2019 நவம்பர் வரை தயாரானவை அவை. பழைய ஆர்எஸ் வாங்கி பூஸ்ட் ஏற்ற நினைப்பவர், அந்த அழைப்பு வேலை தன் காரில் முடிந்ததா என்பதைச் சேஸ் எண்ணைக் கொடுத்து சர்வீஸ் சென்டரில் கேட்டுவிட்டுத்தான் வேறு எதையும் யோசிக்க வேண்டும்.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 ரக ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி. ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 155. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை வேகமாக இறங்கினால் காலிபர் அந்த வெப்பத்துக்குப் பக்கத்தில் போய்விடும். ஆயில் கொதித்தால் குழாயில் ஆவி நிற்கும், மிதித்த பெடல் தரைவரை போகும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை இதை மாற்ற வேண்டும். கடலோர ஊர்களில் அதற்கும் முன்பே மாற்றினால் நல்லது. செலவு ஒரு குடும்பம் ஓட்டலில் சாப்பிடும் காசு. நல்ல பேடும் புது பிரேக் ஆயிலும் போட்ட கார் வேகமாகப் போவதில்லை, வேகமாக நிற்கிறது. ஒரு ஹேட்ச்பேக்குக்குச் செய்யக்கூடிய முதல் ‘பெர்ஃபார்மன்ஸ்’ வேலை இது என்பது என் உறுதியான கருத்து.

அடுத்தது டயர். முன்சக்கரத்தால் ஓடும் காரில், இழுப்பதும் திரும்புவதும் பெரும்பாலான பிரேக்கும் இரண்டே டயரின் மேல் விழுகின்றன. கூடுதல் டார்க் அந்த ரப்பர் தாங்கும் அளவைத் தாண்டினால் சக்கரம் சும்மா சுழலும், ஸ்டீயரிங் கையில் இழுபடும். மழை பெய்த சாலையில் அது ஆளைக் கொல்லும். டயர் பக்கவாட்டில் நான்கு இலக்கம் அச்சிட்டிருக்கும். 2321 என்றால் 2021ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. ஆறு வயதான டயரில் கூடுதல் 50 நியூட்டன் மீட்டரை ஏற்றாதீர்கள், பட்டன் எவ்வளவு மிச்சம் இருந்தாலும்.

சட்டம் என்ன சொல்கிறது? மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆவது பிரிவு, ஆர்சியில் உள்ள விவரங்கள் நிறுவனம் தந்த விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த திருத்தச் சட்டத்தின் 182ஏ (4) பிரிவின்படி, அனுமதி இல்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். சத்தம், புகை விதிகளை மீறினால் 190 (2) பிரிவில் முதல் முறைக்கே 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்; லைசென்ஸும் மூன்று மாதம் முடக்கப்படும். அபராதத்தையாவது கட்டிவிட்டுப் போகலாம். இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் மாற்றத்தைச் சொல்லாமல் விட்டு, விபத்துக்குப் பின் சர்வேயர் அதைக் கண்டுபிடித்தால், கிளெய்மை மறுக்க நாமே காரணம் எழுதிக் கொடுத்ததாக ஆகும்.

வாரண்டி விஷயத்தில் ‘சர்வீஸுக்கு முன்னால் ஸ்டாக் மேப்பைத் திரும்பப் போட்டுத் தருவோம்’ என்பார்கள். இன்றைய கணினிகள் எத்தனை முறை தம்மேல் மென்பொருள் எழுதப்பட்டது என்ற எண்ணிக்கையை வைத்திருக்கின்றன. ஃபோக்ஸ்வேகன் குழுமத்தில் டியூன் செய்யப்பட்டது தெரிந்த காருக்கு ‘டிடி1’ என்று ஒரு குறி விழும். விழுந்தால் என்ஜின், கியர்பாக்ஸ் வாரண்டி கேள்விக்குறிதான்.

ஸ்டாக் மேப்பைத் திரும்பப் போடும் இதே தந்திரம் பழைய கார் வாங்குபவர்களையும் தாக்குகிறது. நாற்பதாயிரம் கிலோமீட்டர் ஸ்டேஜ் 1இல் ஓடிய கார், விற்கும் வாரத்தில் ஸ்டாக் மேப்புக்குத் திரும்பி, ‘சிங்கிள் ஓனர், டாக்டர் ஓட்டியது’ என்று வரும். டர்போ ஹேட்ச்பேக் வாங்குவதற்கு முன், அந்த நிறுவனத்தின் கருவி உள்ள இடத்தில் என்ஜின் கணினியின் மென்பொருள் பதிப்பையும் எழுதப்பட்ட எண்ணிக்கையையும் படித்துப் பாருங்கள். டிஎஸ்ஜி என்றால் கிளட்சின் மிச்சத்தையும் அதே கருவி சொல்லும். ஏர் பாக்ஸ் ஸ்குரூவில் தேய்மானம், எக்ஸாஸ்ட் கிளாம்பில் வேறு நிறம், ஓபிடி துளையில் கீறல் ஆகியவற்றைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் திறன் வேண்டும் என்பவர்களுக்கு என் ஆலோசனை இது. முதல் ஆண்டு டயர், பிரேக் பேட், பிரேக் ஆயில், சரியான தர எண்ணுள்ள என்ஜின் ஆயில் ஆகியவற்றில் காசைப் போடுங்கள். ஆயில் மாற்றும் இடைவெளியைப் பாதியாக்குங்கள். குறுகிய தூரம் ஓடும் நேரடிப் பீய்ச்சல் என்ஜினில் பெட்ரோல் ஆயிலோடு கலந்து அதை நீர்க்கச் செய்கிறது. காரைத் தடத்துக்குக் கொண்டுபோங்கள். இருங்காட்டுக்கோட்டையில் மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட் 1990இலிருந்து இருக்கிறது, கோவை செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே 2003இலிருந்து இருக்கிறது. சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் ரேஸ் ஓட்டிய தலைமுறைக்கு இந்த வசதி இல்லை. ஒரு டிராக் டேயில் 110 பிஎஸ் காரை முழுதாக ஓட்டிப் பார்த்தவர்களில் பலர், தங்களுக்குக் குறைவாக இருந்தது திறன் அல்ல, டயரும் பயிற்சியும் என்று தெரிந்துகொண்டு திரும்புகிறார்கள்.

பிறகும் ரீமேப் என்றால், போடுபவரிடம் டைனோ தாளை மட்டும் வாங்காதீர்கள். மதிய வெயிலில், உங்கள் ஊர் பங்க் பெட்ரோலில், மூன்றாவது கியரில் முழுதாக மிதித்து எடுத்த டேட்டா லாக்கைக் கேளுங்கள். ஒவ்வொரு சிலிண்டரிலும் இக்னிஷன் எத்தனை டிகிரி பின்னுக்குப் போகிறது, உள்ளே வரும் காற்றின் வெப்பம் எவ்வளவு, கேட்ட எரிபொருள் அழுத்தமும் கிடைத்த அழுத்தமும் ஒன்றுதானா, 2,500 ஆர்பிஎம்முக்குக் கீழே டார்க்கை எவ்வளவில் அடக்கியிருக்கிறார். இந்த நான்குக்கும் எண்ணில் பதில் சொல்லத் தெரியாதவர், சொல்ல மறுப்பவர், ‘ஒண்ணும் ஆகாது தம்பி, நான் இருநூறு வண்டி பண்ணியிருக்கேன்’ என்பவர், இவர்களில் யார் கையிலும் காரைக் கொடுக்காதீர்கள். டிக்யூ200 பெட்டி உள்ள காரில் மேப் போடவே வேண்டாம் என்பது என் முடிவு.

சர்வீஸ் புத்தகத்தை இன்று எடுத்துப் பாருங்கள். பிரேக் ஆயில் மாற்றி இரண்டு ஆண்டு தாண்டியிருந்தால், உங்கள் காரின் முதல் அப்கிரேட் அதுவே. இந்த வாரமே செய்துவிடுங்கள்.